நெற்றிக்கு ஐந்து சென்ரிமீற்றர்

கஸ்தூரியார் வீதி வங்கி வாசலில்
எனக்குத் தந்தது ஒரு கதிரை, ஒரு கொப்பி,
நூலில் கட்டிய பேனை,
வெள்ளையாய் ஒரு சாமான்.
வெப்பமானி என்று பெட்டியில் போட்டிருந்தது.
ஒருத்தரும் அப்படிச் சொல்லவில்லை.
துவக்கு என்றார்கள்,
முகாமையாளரும்.

ஐந்து சென்ரிமீற்றர்.
கிட்டவும் கூடாது, எட்டவும் கூடாது.
என் சின்னவிரலின் நீளம் அது,
முதல்நாளே அளந்து வைத்துக்கொண்டேன்.
முடியை ஒதுக்கச் சொல்லவேண்டும்.
வியர்வைக்கு மேல் பிடித்தால் குறையக் காட்டும்.
திருநீற்றுக்கு மேல் பிடித்தால்
அதன் மனம்போலக் காட்டும்.

பத்தரை மணிக்குச் சைக்கிளில் வருகிறவர்களுக்கு
வந்த தூரத்தைப் பொறுத்துச் சூடு.
முப்பத்தெட்டு தசம் ஒன்று என்றால்
"வேம்புக்குக் கீழை ஐஞ்சு நிமிஷம் நில்லுங்கோ அம்மா.
இது காய்ச்சலில்லை,
அராலிப் பாலத்து வெயில்."

அந்த வருஷம் எனக்கு
ஒருத்தர் முகமும் தெரியாது.
நெற்றி தெரியும்.
சில நெற்றிகள் தாமாகவே முன்னுக்கு வரும்,
பொட்டு வைக்கக் கொடுக்கிற மாதிரி.
சில, கண்ணை மூடிக்கொள்ளும்.
நாற்பதைத் தாண்டின சிலர்
கேளாமலே இரண்டு கையையும்
கொஞ்சம் உயர்த்துவார்கள்.
அப்போது நான் கொப்பியைப் பார்ப்பேன்.

ஆள் வராத மத்தியானங்களில்
சுவரை அளந்தேன். தேத்தண்ணிப் போத்தலை,
காசு மெசினின் கண்ணாடியை,
வாசலில் படுத்த நாயின் மூக்கை.
ஐஸ்பழத்துக்கு 'லோ' என்றது.
அதற்குத் தெரிந்த இரண்டு சொல்லில் அது ஒன்று.

பத்திநாதர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.
பாசையூர். கறுப்பு லோங்ஸ்.
வலது காலைக் கொஞ்சம் வீசி நடப்பவர்.
நான் கையைத் தூக்க
இரண்டடி பின்னுக்குப் போனார்.
"பிள்ளை, உதை நெத்திக்கு நீட்டாதை."

பின்னால் வரிசை. யாரோ செருமினார்கள்.
மணிக்கட்டைத் தாருங்கோ, அதிலும் பார்க்கலாம் என்றேன்.
"அதுக்குள்ளாலை என்ன வருது?"
ஒண்டும் வராது ஐயா.
உங்கடை தோலிலையிருந்து எந்நேரமும்
வெளியிலை வந்துகொண்டிருக்கிறதை
இது வாங்குது, அவ்வளவுதான்.
"அப்ப அந்தச் சிவப்புப் பொட்டு?"
அது எனக்கு. எங்கை பிடிக்கிறன் எண்டு தெரிய.
பழக்க வந்த பெடியன் சொன்னதை
ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

யோசித்தார்.
"அப்ப இது சுடுற சாமானில்லை.
சூடு வாங்கிற சாமான்."
பிறகு, மெல்ல,
"என்னை மாதிரி."

தா என்றார்.
குடுக்கக்கூடாது. குடுத்தேன்.
முதலில் என் நெற்றி.
கை நடுங்கவில்லை. சரியாக
என் சின்னவிரல் தூரத்தில் நின்றது.
நான் அவருக்கு அந்தத் தூரத்தைச் சொல்லவே இல்லை.
முப்பத்தாறு தசம் ஆறு.

குனிந்து லோங்ஸை முழங்கால்வரை உயர்த்தினார்.
நாற்பது நிமிஷம் வரிசை வெயிலில் நின்ற
பிளாஸ்ரிக் கெண்டைக்கால்.
அழுத்தினார்.

மெசின் கத்தியது. திரை சிவந்தது.
'ஹை'.

வரிசை முழுக்க ஓரடி பின்வாங்கியது.
அவர் திரும்பி அவர்களையும் என்னையும் பார்த்தார்.
"பாத்தியளே?
போனவனுக்குத்தான் காய்ச்சல்."

கடைசியில் நின்ற மனுசி ஒருத்திதான்
முதலில் சிரித்தா. முகக்கவசத்துக்குள்
சிரிப்பு மாட்டுப்பட்டு இருமலாகி,
அதற்கும் எல்லாரும் பயந்து,
பிறகு எல்லாரும் சிரித்து.
நான் சிரித்தேனா, ஞாபகமில்லை.
கொப்பியில் எதை எழுதுவது என்று
முழிசிக்கொண்டு நின்றது ஞாபகம்.

பெயர். அடையாள அட்டை. தொலைபேசி.
வெப்பநிலைக்கு ஒரே ஒரு பெட்டி.
மணிக்கட்டை அளந்தேன், முப்பத்தாறு தசம் இரண்டு.
அதை எழுதினேன்.
மற்றதை ஓரத்தில், சின்னதாக, பென்சிலால்.

உள்ளே குளிர்.
அந்தக் கால் அங்கே மெல்ல ஆறியிருக்கவேண்டும்.
வெளியே வந்தபோது
கையை மட்டும் காட்டிவிட்டுப் போனார்.
அளக்கவில்லை.
வெளியே போகிறவர்களை அளக்கச் சொல்லி
ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.